செயின்ட் லூயிஸ் ஆவண மையம்: எரிந்த கோப்பிலும் ஆதாரம் கிடைத்தது

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 93 வயது. 1951-ல் கொரியப் போரில், அடிபட்டுக் கிடந்த இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் தூக்கி மலைச்சரிவில் இறக்கியவர். அதற்கு இன்றுவரை ஒரு பதக்கமும் வரவில்லை. அவர் மகளுக்காக அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில், முன்னாள் ராணுவத்தினரின் கோப்புகளை வைத்திருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

போடும்போதே பயம். 1973 ஜூலை 12-ல் அங்கே பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன, 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். இதைச் சொல்லியே ஒரு தனியார் நிறுவனம், தேடித் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்டது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். விலகி 62 வருடம் ஆகிவிட்டால் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் மையத்திடமே கேட்கலாம், நகலுக்கான கட்டணம்தான் செலவு.

வந்தது ஆறே பக்கம். ஓரமெல்லாம் கருகி, மேல் மூலை இல்லாமல், தாத்தா பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும் மிச்சம். ஆனால் கூடவே அவருடைய கம்பெனியின், அதாவது அவர் இருந்த படைப்பிரிவின், மார்னிங் ரிப்போர்ட்டும் இருந்தது. அன்றன்றைக்கு யாருக்குக் காயம், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார், யார் திரும்பி வந்தார் என்று குறிக்கிற தாள் அது. அவர் சுமந்து வந்த இருவர் பெயரும் அதில் ஒரே தேதியில், அடுத்தடுத்த வரியில். தாத்தா அந்த இரண்டு வரியையும் விரலால் தடவித் தடவிப் படித்தார். மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

விண்ணப்பத்தில் ரெஜிமென்ட், கம்பெனி, மாதம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள், வெறும் பெயரை வைத்து மார்னிங் ரிப்போர்ட்டில் தேட முடியாது. அப்புறம், இந்த மையம் ஆதாரம்தான் தரும். காலம் கடந்த வீரப்பதக்கத்துக்கு மனு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் வழியாகப் போக வேண்டும், கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலமும் சேர்ந்தால்தான் பலம். 1965-ல் வியட்நாமில் போரிட்ட பாரிஸ் டேவிஸின் பரிந்துரைத் தாள்களே தொலைந்துபோய், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அவர் கைக்கு வந்தபோது வருடம் 2023, அவருக்கு வயது 83. தாள் எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மனு இன்னும் போகவில்லை. அந்த இருவரில் ஒருவருடைய தங்கையைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அண்ணன் அந்த நாளைப் பற்றி வீட்டுக்கு ஏதாவது கடிதம் எழுதியிருந்தாரா என்று கேட்க.