மேனுவலா, அப்பர்ச்சர் பிரையாரிட்டியா: புதிதாகக் கேமரா பழகுபவர் எதில் தொடங்கலாம்?

கேமரா வாங்கிய கையோடு கிடைக்கும் முதல் அறிவுரை, 'மேனுவலில் போட்டு எடு, அப்போதுதான் கற்றுக்கொள்ள முடியும்' என்பது. நானும் எம் மோடில்தான், அதாவது மேனுவலில்தான், பழக ஆரம்பித்தேன். பிறகு ஏ மோடுக்கு, அதாவது அப்பர்ச்சர் பிரையாரிட்டிக்கு, மாறினேன். இன்றும் பெரும்பாலான படங்களை அதில்தான் எடுக்கிறேன். கேனன் கேமராவின் டயலில் இதற்கு ஏவி என்று இருக்கும். நிக்கான், சோனியில் வெறும் ஏ. ஃபிரேம் அமைப்பது, எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது), படக்குறிப்பு எழுதுவது மூன்றையும் சேர்த்துப் பழக நினைப்பவருக்கு நான் ஏ மோடைத்தான் சொல்வேன். மேனுவல் பக்கம் நிற்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எம் மோடில் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை எவ்வளவு திறக்கிறது), ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றையும் நாமே வைக்கிறோம். ஏ மோடில் அப்பர்ச்சரை நாம் வைத்தால், அதற்கு ஏற்ற ஷட்டர் வேகத்தைக் கேமரா கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. முழு ஆட்டோவை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

புதிதாக எம் மோடில் எடுப்பவர் நடைமுறையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வியூஃபைண்டரின் (கண் வைத்துப் பார்க்கும் இடம்) அடியில், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் அளவுகோல் தெரிகிறது. முள் இடப்பக்கம் இருந்தால் (படம் இருட்டு) ஷட்டர் வேகத்தைக் குறைக்கிறார், வலப்பக்கம் போனால் கூட்டுகிறார். பூஜ்யத்துக்கு வந்ததும் கிளிக் செய்கிறார். அந்தப் பூஜ்யத்தைச் சொன்னது கேமராவின் மீட்டர். ஏ மோடும் அதே பூஜ்யத்துக்குத்தான் ஷட்டரை வைத்திருக்கும், நொடிப்பொழுதில். ஆக, கை உழைத்தது நிஜம், ஆனால் படம் எவ்வளவு வெளிச்சமாக வரவேண்டும் என்ற முடிவை அவர் இன்னும் எடுக்கவே இல்லை. எக்ஸ்போஷர் கற்பது என்பது அந்த முடிவை எடுக்கப் பழகுவதுதான்.

அதற்கான கருவி ஏ மோடில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டன். மீட்டர் சொல்வதைவிடப் படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ எடுக்கச் சொல்வது இதுதான். மீட்டருக்கு எதிரில் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் ஒன்றை ஃபிரேம் நிறைய வைத்து, காம்பன்சேஷன் பூஜ்யத்தில் ஒரு படம், கூட்டல் 1ல் ஒரு படம், கூட்டல் 2ல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் சுவர் அழுக்குச் சாம்பலாக இருக்கும். அடுத்த இரண்டுக்கும் இடையில் எங்கோ அது வெள்ளையாகும். அதைத் தாண்டினால் சுவரின் சொரசொரப்பே அழிந்துபோகும். கறுப்புத் துணியை வைத்து இதையே கழித்தலில் செய்யலாம். எந்தக் காட்சிக்கு எவ்வளவு என்று வாய்ப்பாடு கிடையாது. இன்றைய கேமராக்கள் ஃபிரேமைப் பல பகுதிகளாகப் பிரித்து அளப்பதால் சில காட்சிகளைத் தாமாகவே ஓரளவு சரிசெய்துவிடும், சிலவற்றில் ஏமாறும். ஆனால் 'இதைப் பார்த்துக் கேமரா ஏமாறும்' என்று முன்கூட்டியே சொல்லக் கண் பழகிவிடும். மற்றதெல்லாம் எண் விளையாட்டு.

அந்த எண்களையும் ஏ மோடு மறைப்பதில்லை. வெளிச்சம் மாறாத இடத்தில், ஐஎஸ்ஓவை ஒரே அளவில் நிறுத்திவிட்டு, அப்பர்ச்சரை எஃப் 2.8லிருந்து 4க்கும் 5.6க்கும் திருப்புங்கள் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). ஷட்டர் வேகம் 1/1000 நொடி, 1/500, 1/250 என்று பாதிப்பாதியாக இறங்குவது கண்ணெதிரே தெரியும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பது கவனம்தான். படம் எடுக்கும் நேரத்தில் நம்மிடம் இருக்கும் கவனம் கொஞ்சம். அது எங்கே செலவாகிறது என்பதுதான் கேள்வி. சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டை, பின்னால் இருட்டான வாசல். பெரிய இருட்டைப் பார்த்துக் கேமரா படத்தை வெளிச்சமாக்கும், சட்டை வெளுத்துப்போகும் என்று தெரிகிறது. ஏ மோடில் கட்டைவிரலால் கழித்தல் 1, வேலை முடிந்தது. இனி ஃபிரேமைப் பார்க்கலாம். வாசலின் நிலைக்கம்பு அவர் தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கிறது. அரையடி இடப்பக்கம் நகர்ந்தால் விலகும். ஸ்போக்கைத் திருகும் விரல்கள் கீழ் விளிம்பில் வெட்டுப்படுகின்றன. கொஞ்சம் குனிய வேண்டும். சக்கரம் சுற்றி நிற்கும் நொடியில் அவர் கண் சக்கரத்தின் விளிம்பருகே போகிறது. அதற்குக் காத்திருக்க வேண்டும். எம் மோடில் முள்ளைத் துரத்திக்கொண்டிருப்பவருக்கு நிலைக்கம்பு வீட்டுக்குப் போய்க் கணினியில் பார்க்கும்போதுதான் தெரியும். மூன்றில் ஒரு பங்கு விதி (ஃபிரேமை மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் முக்கியமானதை வைப்பது) போன்றவற்றைப் படித்துவிடலாம். ஆனால் விளிம்புகளைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டு கிளிக் செய்யும் பழக்கம், அதற்கு நேரம் இருந்தால்தான் வரும்.

படக்குறிப்பும் இங்கேதான் வருகிறது. பலர் இதைக் கடைசி வேலையாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது படம் எடுக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது. செய்திப் படங்களுக்கு எழுதும் முறை எளிமையானது. முதல் வாக்கியம் நிகழ்காலத்தில்: யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது. இரண்டாவது வாக்கியத்தில் படத்தால் காட்ட முடியாத ஒன்று. 'உழைப்பில் மகிழ்ச்சி காணும் முதியவர்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகிழ்ச்சி என்பதும் நம் ஊகம். 'சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிறார்' என்று அவர் பெயரோடும் ஊரோடும் தேதியோடும் எழுதி, 'பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு இவர் கூலி வாங்குவதில்லை' என்று சேர்த்தால், படத்தைத் திரும்ப ஒருமுறை பார்க்கத் தோன்றும். அந்த இரண்டாவது வாக்கியம் பேச்சுக் கொடுத்தால்தான் கிடைக்கும். தேதியும் ஷட்டர் வேகமும் கோப்பிலேயே பதிவாகிவிடும் (கேமரா கடிகாரம் சரியாக இருந்தால்). பெயரை எப்படி எழுதுவது என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டயலோடு மல்லுக்கட்டும் ஆளால் இதெல்லாம் முடியாது.

ஏ மோடுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வெளிச்சம் குறைந்தால் ஷட்டரைச் சத்தமில்லாமல் 1/15 வரை இறக்கிவிடும், படம் ஆடிப்போகும். பெரும்பாலான புதிய கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குள் (ஐஎஸ்ஓவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் வசதி) குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஆட்களை எடுக்க அதில் 1/125 வைத்துவிடலாம். ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/500. வியூஃபைண்டரில் ஷட்டர் எண்ணை ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

மேனுவல் தெளிவாக ஜெயிக்கும் இடங்கள் இருக்கின்றன. மேடை விளக்கு மாறாமல் இருக்க, பாடுபவருக்குப் பின்னால் ஒரு நேரம் இருட்டும் ஒரு நேரம் வெள்ளைத் திரையும் வந்தால், ஏ மோடில் ஒவ்வொரு படத்திலும் முகம் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும். ஸ்டுடியோ ஃபிளாஷ், ஒட்டிச் சேர்க்கும் பனோரமா, நிலா, இவற்றுக்கெல்லாம் எம் மோடுதான். மீட்டரே இல்லாத பழைய ஃபிலிம் கேமராவில் வேறு வழியும் இல்லை; நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஏறக்குறைய ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ (ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100) என்ற பழைய கணக்கு அங்கே கைகொடுக்கும். ஃபிலிமில் நான் எடுத்தது குறைவு என்பதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். வீடியோவுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே ஷட்டரை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டியிருப்பதால் கதையே வேறு.

ஆட்டோ ஐஎஸ்ஓவோடு எம் மோடு என்ற நடுவழியைச் சிலர் சொல்கிறார்கள். பறவை, விளையாட்டு எடுப்பவர்களுக்கு அது அருமையானது. ஆனால் அதிலும் படம் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கேமராதான் முடிவு செய்கிறது. மாற்ற வேண்டுமென்றால் மறுபடி அதே காம்பன்சேஷன்தான், அதுவும் அந்தக் கேமராவில் எம் மோடுக்குள் அது வேலை செய்தால்.

ஏ மோடிலிருந்து எப்போது எம் மோடுக்குப் போவது? ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கும்போது காம்பன்சேஷனைப் படத்துக்குப் படம் மாற்ற வேண்டி வருகிறதா? வெளிச்சம் மாறவில்லை, பின்னணிதான் மீட்டரைக் குழப்புகிறது என்று அர்த்தம். நன்றாக வந்த படத்தைத் திரையில் திறந்து, அதன் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் பாருங்கள். டயலை எம் மோடுக்குத் திருப்பி அந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறும்வரை முள்ளைப் பார்க்காமல் எடுங்கள்.