ஐந்து பேரில் இருவர்: யாரை அனுப்புவது?

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். தரப் பரிசோதனைப் பிரிவில் ஐந்து பேர். ஆர்டர் குறைந்து பிரிவை மாற்றியமைக்கிறார்கள், இருவர் போயாக வேண்டும். யார்மேலும் தப்பில்லை.

முருகேசனுக்கு வயது 47, சர்வீஸ் 19 வருடம். புது அளவீட்டு மெஷின் இன்னும் பிடிபடவில்லை. செல்விக்கு 34, சர்வீஸ் 8 வருடம், ஒரு குழந்தை. போன வருடத்தில் பாதி பிரசவ விடுப்பில் கழிந்தது. பிரகாஷுக்கு 29, சர்வீஸ் 6 வருடம், கல்யாணம் ஆகவில்லை, புது மெஷின் முழுக்க அவர் கையில்தான். ரஹீமுக்கு 41. முன்பு இருந்த ஆலையை மூடிவிட்டதால் இங்கே வந்து 3 வருடம்தான் ஆகிறது, மூன்று பிள்ளைகள். திவ்யாவுக்கு 25, சர்வீஸ் 2 வருடம், கெட்டிக்காரி. ஐவரும் கற்பனைதான், ஆனால் எந்த ஷாப் ஃப்ளோரிலும் இவர்களைப் பார்க்கலாம்.

முதலில் நம் ஊர் முறை. கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்றது 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 25ஜி பிரிவு. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் தொகுப்பும் இதைக் கைவிடவில்லை. திவ்யாவும் ரஹீமும் வெளியே. ரஹீமுக்கு இது இரண்டாவது அடி. வெளியே சேர்த்த அனுபவத்துக்கு இந்தக் கணக்கில் மதிப்பே கிடையாது. முரட்டு அளவுகோல்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மத்திய விதிகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது: ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்பே சீனியாரிட்டி பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். டீ பிரேக்கில் போய் நின்றால் தன் இடம் சரியா, யாராவது குறுக்கே புகுந்தாரா என்று எந்தத் தொழிலாளியும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். முதலாளி வரிசையை மீறலாம், ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கள்ளத்தனம் நுழையும் இடம் வேறு. பட்டியல் ஒரே வகை வேலைக்குள்தான் செல்லும் என்பதால், திவ்யாவைக் காப்பாற்ற நினைத்தால் மூன்று மாதம் முன்பே அவருடைய பதவிப் பெயரை மாற்றிவிட்டால் போதும்.

இரண்டாவது, பிரிட்டனில் பழகிப்போன மதிப்பெண் அட்டவணை. தேர்வு செய்பவரின் சொந்த அபிப்பிராயத்தை மட்டும் நம்பியிராத அளவுகோல்கள் வேண்டும் என்று 1982-ல் காம்பேர் மாக்ஸாம் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2006-ல் வேலையில் வயதுப் பாகுபாட்டுக்குத் தடை வந்த பிறகு, சீனியாரிட்டியை மட்டும் வைத்து ஆளை அனுப்புவது அங்கே ஆபத்தாகிவிட்டது. பல அளவுகோல்களில் ஒன்றாக அது இருக்கலாம் என்று 2009-ல் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது.

புது மெஷின் திறமைக்கு 10, போன வருட அப்ரைசலுக்கு 10 என்று நம் பிரிவில் மதிப்பெண் போட்டால் முருகேசனும் செல்வியும் வெளியே. செல்வியின் அப்ரைசல் பாதி காலி. அந்த இடத்துக்குப் பூஜ்யம் போட்டால் பிள்ளை பெற்றதற்குத் தண்டனை. முழு மார்க் போட்டால்? 2011-ல் முடிந்த ஒரு பிரிட்டிஷ் வழக்கில் அதுதான் நடந்தது. பிரசவ விடுப்பில் இருந்த வழக்கறிஞருக்கு ஓர் அளவுகோலில் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். சக ஆண் வழக்கறிஞர் அரை மார்க்கில் வேலையை இழந்தார். தேவைக்கு மிஞ்சிய சலுகை என்று தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. விடுப்புக்கு முன் அந்தப் பெண் வேலை பார்த்த காலத்தை வைத்து அளந்திருக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸில் சுமார் 7,000 பேரில் 530 பேரை அனுப்பியபோது, வேலையில் தங்கியவர்களின் மதிப்பெண் தாள்களையும் காட்டுங்கள் என்று போனவர்கள் கேட்டார்கள். 1995-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் எவ்வளவு வாங்கினான் என்று தெரியாமல், நான் ஏன் ஃபெயில் என்று எப்படிக் கேட்பது?

ஜெர்மனி வேறு கேள்வி கேட்கிறது: வேலை போனால் யாருக்கு அடி குறைவு? சர்வீஸ், வயது, குடும்பப் பொறுப்பு, கடுமையான உடல் ஊனம் என்று சட்டத்தில் நான்கே அளவுகோல்கள். திவ்யாவும் பிரகாஷும் வெளியே. உடனே நிர்வாகம், பிரகாஷ் இல்லாமல் மெஷின் ஓடாது என்று விலக்குக் கேட்கும். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. கிடைத்துவிட்டால் அடுத்து அநேகமாக செல்வி. கல்யாணம் ஆகாதவர் பாடு எப்போதும் இளக்காரமா என்று பிரகாஷ் கேட்டால், ஊரில் அவர் பணத்தை எதிர்பார்த்திருக்கும் அப்பா அம்மாவை நினைத்தால், என்னிடம் பதில் இல்லை. ஆனால் தொழிலாளி கேட்டால் தேர்வுக்கான காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

நான்காவது வி.ஆர்.எஸ்., அதாவது பணம் வாங்கிக்கொண்டு தானாக விலகும் விருப்ப ஓய்வு. மனிதாபிமானமாகத் தெரியும். கையை முதலில் தூக்குவது வெளியே வேலை கிடைக்கக்கூடிய பிரகாஷ்தான். அடுத்து, மேனேஜர் தனியே கூப்பிட்டு நாலு முறை பேசிய முருகேசன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் 2014-ல் ஆயிரக்கணக்கானோர் இப்படிப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். நவம்பர் 1-ல் உற்பத்தியே நின்றது.

என் ஓட்டு நோட்டீஸ் போர்டுக்குத்தான். சீனியாரிட்டியில் தொடங்கட்டும். ரஹீமுக்காகவோ திவ்யாவுக்காகவோ வரிசையை மீறினால் காரணத்தை எழுதி அதே போர்டில் ஒட்டட்டும். மதிப்பெண் முறைதான் வேண்டுமென்றால், எதற்கு எத்தனை மார்க் என்பது பெயர்ப் பட்டியல் கையில் வருவதற்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். பெயர்களைப் பார்த்துவிட்டு அளவுகோல் எழுதினால், யார் போக வேண்டுமென்று முடிவெடுத்தார்களோ அவரே போவார்.

நம் ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் இந்த நான்கில் எதுவும் நடப்பதில்லை. ஒரு மீட்டிங் ரூம், ஒரு எச்.ஆர்., 'நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்' என்ற பேச்சு. தானாக எழுதிக் கொடுத்த ராஜினாமா சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. வரிசையும் இல்லை, ஒவ்வொரு சர்வீஸ் வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும் இல்லை. ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறதே சட்டம், அதையும் கேட்க முடியாது.