ஹீட்டரா, கூரைக்குக் கீழே ஒரு விரிப்பா?

இலங்கையின் மலைநகரான நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படியும்போது எங்கள் வீட்டில் தவறாமல் எழும் கேள்வி: மின்சார ஹீட்டர் வாங்குவதா, வீட்டைச் சீர்செய்வதா?

ஹீட்டரின் வசதியை மறுக்க முடியாது. பொத்தானை அழுத்திய சில நிமிடங்களில் கை விறைப்பு நீங்கிவிடும். ஆனால் 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 அலகு மின்சாரத்தைத் தின்னும். இரவுக்கு 4 மணி நேரம் என்றால் மாதம் 240 அலகு. பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் நாடு இது. அணைத்த சிறிது நேரத்தில் அந்தச் சூடும் தகரக் கூரையின் வழியே போய்விடும்.

கூரை வேலை வேறு மாதிரி. தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையே அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பு, கதவடியில் ரப்பர் பட்டி (பழைய சாக்கும் போதும்), ஜன்னல் கண்ணாடி ஓரங்களில் புட்டிப் பசை. செலவு ஒருமுறைதான். பங்குனி வெயிலில் தகரம் கொதிக்கும்போதும் அதே விரிப்பு அறையைக் காக்கும். ஹீட்டரோ அப்போது கட்டிலுக்கடியில் கிடக்கும். ஒரு குறை உண்டு: விரிப்பு சூட்டை உண்டாக்காது, இருப்பதைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். எல்லா இடுக்கையும் அடைத்தால் ஈரம் தேங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். பகலில் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அடைத்த அறைக்குள் கரிச்சட்டி கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

என் காசு முதலில் கூரைக்கே போகும். கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீடானால் சிறிய ஹீட்டர் ஒன்றும் வேண்டும். அதை நீட்டிப்பு வயரில் அல்ல, நேரே சுவர்ப் பிளக்கில் செருகுங்கள்.