கல்லூரி மூடினால் பாடம் நடத்த மூடில்: எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியதும் பல துறைகள் கால அட்டவணையை அப்படியே ஜூமுக்கு மாற்றின. காலையிலிருந்து மாலை வரை நேரலை. மாணவர் கையில் இருந்ததோ ஒரு போன்தான். தமிழக அரசு 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கொடுத்த டேட்டா கார்டு நாளுக்கு 2 ஜிபி. நாள் முழுக்க வீடியோ ஓடினால் அது எப்படித் தாங்கும்?

அந்த நிலைமைக்குப் பொருந்துவது மூடில் (Moodle): பாடம், அசைன்மென்ட், தேர்வு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த, கல்லூரி தன் சர்வரில் வைத்துக்கொள்ளும் தளம். மார்ட்டின் டூகியாமாஸ் 2002-ல் வெளியிட்ட திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. சிக்னல் கிடைக்கும்போது மொபைல் செயலியில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு படிக்கலாம். 50 நிமிட உரையை 32 கேபிபிஎஸ் மோனோ எம்பி3-யாக, அதாவது குறைந்த தரத்தில் ஒலி மட்டும், போட்டால் 12 எம்பிதான். கூடவே ஸ்லைடு பிடிஎஃப். வாரத்தில் ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்க நேரலை வைத்தால் போதும்.

அசைன்மென்ட்டில் முதலில் இடறுவது கோப்பின் அளவு. பத்துப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தால் 20 எம்பியைத் தாண்டிவிடும். மூடில் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி ஒரு கோப்புக்கு இயல்பாக விடும் வரம்போ 2 எம்பி. சர்வரில் அதையும், ஒருமுறை அனுப்பும் மொத்தத் தரவுக்கான வரம்பான போஸ்ட் அளவையும் சேர்த்து உயர்த்தாதவரை, மூடிலுக்குள் எந்த அமைப்பை மாற்றினாலும் பலனில்லை.

உண்மையான சோதனை வினாடி வினாவில்தான். 600 பேர் சரியாகப் பத்து மணிக்கு 'தொடங்கு' பொத்தானை அழுத்தினால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் டேட்டாபேஸில் பதிவு எழுத வேண்டும். சர்வர் திணறுவது அங்கேதான். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கான விதிவிலக்கு அமைப்பில் 10.00, 10.10, 10.20 என்று திறக்கும் நேரத்தை மாற்றிக் கொடுங்கள். கேள்வி வங்கியிலிருந்து ஆளுக்கொரு வினாத்தாள் விழும்படி செய்துவிட்டால், பத்து நிமிட இடைவெளியில் வினாத்தாள் கசியுமே என்ற கவலை பெரிதும் குறையும்.

நேரம் முடிந்தால் என்ன செய்வது என்ற அமைப்பைத் தயவுசெய்து இருமுறை பாருங்கள். 'நேரத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் வராது' என்று இருந்தால், கடைசி நிமிடத்தில் மின்சாரம் போன பிள்ளைக்குப் பூஜ்யம்தான். அது அநியாயம். 'தானாகவே சமர்ப்பிக்கப்படும்' என்பதையே வையுங்கள். எழுதிய விடைகளை மூடில் இயல்பாக நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும். இணைப்பு அறுந்தாலும் அதுவரை எழுதியது தப்பும். ஆனால் பிரௌசர் மூடிக் கிடக்கும்போது சமர்ப்பிப்பை முடித்துவைப்பது சர்வரின் கிரான் (cron), அதாவது குறித்த இடைவெளியில் தானாக ஓடும் வேலை. அது நிமிடத்துக்கொருமுறை ஓடுகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். இணைப்பு அறுந்து நேரத்தை இழந்தவருக்குக் கூடுதல் நேரத்தைத் தனிநபர் விதிவிலக்கில் கொடுக்கலாம்.

நேரலைக்கு பிக்புளூபட்டன் என்ற திறமூல வீடியோ வகுப்பு மென்பொருள் இருக்கிறது, மூடில் 4.0 பதிப்பிலிருந்து அதை இணைக்கும் வசதி மூடிலுக்குள்ளேயே வருகிறது. அதைத் தனி சர்வரில் வையுங்கள், கேமராவை ஆசிரியர் மட்டும் போடட்டும். 30 பேரும் போட்டால் ஒவ்வொருவருக்கும் மற்ற 29 பேரின் படம் போக வேண்டும்: மொத்தம் 870 வீடியோ ஓடைகளை சர்வர் அனுப்ப வேண்டும்.

குறைகளும் உண்டு. மதிப்பெண் பக்கம் புதிய ஆசிரியரைக் குழப்பும். ஆய்வக வகுப்புக்கு இது ஈடாகாது. சர்வரைக் கவனிக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அவர் இல்லாத கல்லூரி கூகுள் கிளாஸ்ரூமோடு நிற்பதே நல்லது.

உண்மையான தேர்வுக்கு ஒரு வாரம் முன், மதிப்பெண் இல்லாத ஐந்து கேள்வித் தேர்வு ஒன்றை எல்லாரும் வீட்டிலிருந்தே, அதே நேரத்தில், அதே போனில் எழுதட்டும். யாருக்கு இணைப்பு நிற்கவில்லை என்ற பட்டியல் அன்று மாலையே துறைத்தலைவர் கையில் இருக்கும். அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய ஆறு நாள் மிச்சம்.