பஞ்சாயத்து ஆபீஸில் தொழில் உதவி மேசை: பாலக்காட்டு எல்லையில் எவ்வளவு பயன்?

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் பொடி மில்லோ மரச்செக்கோ வைக்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் போவது ஏஜென்ட்டிடம். அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். கேரளத் தொழில் துறை 2022இல் ‘ஓராண்டில் ஒரு லட்சம் தொழில்கள்’ என்று இறங்கியபோது, உள்ளாட்சிகள்தோறும் பி.டெக், எம்.பி.ஏ படித்த பிள்ளைகளை ஒப்பந்தத்தில் உதவி மேசையில் உட்கார வைத்தது. ஊரில் அவர்களை ‘இன்டர்ன்’ என்றே கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் திங்களும் புதனும் பஞ்சாயத்து ஆபீஸில் இருப்பார்கள், மற்ற நாள் வெளிவேலை. கட்டணம் எதுவும் கிடையாது.

திட்டம் தேர்ந்தெடுக்க, புராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிக்க, மத்திய அரசின் உத்யம் என்ற சிறுதொழில் பதிவும், கேரள அரசின் கே-ஸ்விஃப்ட் என்ற ஆன்லைன் அனுமதித் தளத்தில் மனுவும் போட இந்த மேசைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பேங்க் கடனுக்குப் பாதி. நில விஷயத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தமிழ்க்காரர்கள் அதிகம் சிக்குவது அந்த நிலத்தில்தான்.

வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். இடத்தின் வகை ‘நிலம்’ என்று இருக்கும், அல்லது ‘புரயிடம்’ (வீடு, தோட்டத்துக்கான மேட்டு இடம்) என்று இருக்கும். நமக்கு நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல்வயல். முப்பது வருஷமாகத் தென்னை நிற்கிற மேட்டு இடமாக இருந்தாலும் ரசீதில் ‘நிலம்’ என்றிருந்தால் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஷெட்டுக்கு பெர்மிட் கிடைப்பது கஷ்டம். தொழில் தொடங்கக் கே-ஸ்விஃப்ட்டில் எடுக்கும் ஒப்புகைச் சான்றும் அங்கே செல்லாது. இடம் டேட்டா பேங்க் பட்டியலில் (நெல்வயல், நீர்நிலங்களுக்கான அரசுப் பட்டியல்) இருந்தால் அதிலிருந்து நீக்க 5ஆம் படிவம், பட்டியலில் இல்லாமல் வகை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் 6ஆம் படிவம். இரண்டையும் பஞ்சாயத்து தீர்க்காது, வருவாய்த் துறைதான் தீர்க்கும். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் மெஷின், கடன் பேச்சுக்கெல்லாம் முன்பு ரசீதைப் பார்த்துவிடுங்கள். வாடகை இடமானாலும் ஓனரின் ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

இடம் சரியென்றால் பிறகு வேலை சுலபம். 2019ஆம் ஆண்டுச் சிறுதொழில் வசதிச் சட்டப்படி, மாசு அதிகமுள்ள சிவப்பு வகையில் வராத தொழிலுக்குக் கே-ஸ்விஃப்ட்டில் சுய உறுதிமொழி கொடுத்தால் ஒப்புகைச் சான்று கையில் வந்துவிடும். அதை வைத்து மூன்று வருஷம் நடத்தலாம். இதை நிரந்தர லைசன்ஸ் என்று நினைத்து மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று வருஷம் முடிந்த ஆறு மாதத்துக்குள் பஞ்சாயத்து லைசன்ஸ் உட்பட எல்லா அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். சான்று கிடைத்த அன்றே அந்தத் தேதியை காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லி மேசையில் யாரும் நினைவூட்டுவதில்லை. இது இந்தச் சேவையின் பெரிய குறை.

வீட்டிலேயே சின்னதாகத் தொடங்க நானோ வீட்டுத்தொழில் என்ற வழி இருக்கிறது. முதலீடு 5 லட்சத்துக்குள், மோட்டார் 5 எச்பிக்குள். இந்த 5 எச்பி ஒரு மோட்டாருக்கல்ல, மொத்தத்துக்கு. மிளகாய் அரைக்க 3 எச்பி, பக்கத்தில் செக்குக்கு 3 எச்பி என்று வைத்தால் 6, வரம்பு தாண்டிவிட்டது. தனிக் கட்டடமென்றால் கரண்ட் கனெக்‌ஷன் கேட்கும்போது எல்டி 4ஏ தொழில் கட்டணத்தில் கேளுங்கள். கேட்காமல் விட்டால் 7ஏ வணிகக் கட்டணத்தில் போட்டுவிடுவார்கள், மாதா மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மானியத்தில் வரிசை தப்பினால் பணம் போச்சு. மத்திய அரசின் பிஎம்ஈஜிபி என்ற கடன்-மானியத் திட்டம் புதுத் தொழிலுக்கு மட்டும். கடன் பாஸ் ஆவதற்கு முன்பே கோயம்புத்தூர் போய் மெஷினை வாங்கி இறக்கிவிட்டால் அது பழைய யூனிட், மானியம் கிடையாது. வாங்க வேண்டியது கொட்டேஷன் மட்டும்: ஜிஎஸ்டி எண், மாடல், எச்பி, வரி தனியாகக் காட்டியது, மனுதாரர் பெயரில். கணக்கு இப்படி வரும். பஞ்சாயத்துப் பகுதியில் பெண் ஒருவர் 10 லட்சத்துக்கு மனு போட்டால் கைக்காசு 5 சதவீதம், அதாவது 50,000. பேங்க் 9.5 லட்சம். மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். ஆனால் அந்த 3.5 லட்சம் கைக்கு வராது. பேங்கிலேயே மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும், அந்த அளவு கடனுக்கு வட்டியும் இல்லை. யூனிட் ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இடையில் மூடினால் மானியமும் போகும். பொதுப் பிரிவு ஆணுக்கு 10 சதவீதம் கைக்காசு, 25 சதவீதம் மானியம். 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி. கிளையில் கேட்டால் அதைச் சொல்லிவிட்டு, இன்டர்னை மேனேஜரிடம் பேசச் சொல்லுங்கள். சிலர் பேசுவார்கள், சிலர் மனுவைப் போட்டதோடு சரி. ஆளைப் பொறுத்தது. ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறினால் உங்கள் ஃபைலின் கதை தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார். மனு எண்ணும் எல்லா நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஓடுகிற ஊறுகாய், அப்பளம், எண்ணெய் யூனிட்டை விரிவாக்க, மத்திய அரசின் உணவுத்தொழில் திட்டமான பிஎம்எஃப்எம்ஈ பொருந்தும்: மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். அவசரப்பட்டு மெஷின் வாங்கிவிட்டவர்களுக்குக் கேரள அரசின் ஈஎஸ்எஸ் என்ற முதலீட்டு மானியம் மிச்சமிருக்கிறது. உற்பத்தி தொடங்கி ஓராண்டுக்குள் தாலுகா தொழில் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தின் சொந்தத் திட்ட நிதியில் வரும் உதவிக்குப் பயனாளி பட்டியல் கிராமசபையில் வருகிறது. அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் பிறகு ஆபீஸில் வந்து கேட்டுப் பயனில்லை.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் ஜிஎஸ்டி. வேலந்தாவளத்தில் ஆட்டிய எண்ணெயை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழ்நாட்டுக் கடைக்குப் போட்டால் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை. விற்றுமுதல் வரம்பெல்லாம் அங்கே உதவாது, முதல் டின்னிலிருந்தே பதிவு வேண்டும். சின்ன வியாபாரிகள் விற்பனையில் குறைந்த சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் இருக்க முடியாது. மேசையில் இதைப் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் கேரள முத்திரையில் எழுதுங்கள், பொள்ளாச்சியில் வாங்கிய பத்திரத்தில் வேண்டாம்.

படிவமும் இணையதளமும் மலையாளம் அல்லது இங்கிலீஷ். இன்டர்னுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆனால் மொழிச் சிறுபான்மைப் பகுதியில் அரசு ஆபீஸுக்குத் தமிழில் எழுதவும், பதிலைத் தமிழில் பெறவும் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. வகைமாற்ற மனுவுடன் வைக்கிற விளக்கக் கடிதத்தைத் தமிழில் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகும்போது ஆதார், பான், கர ரசீது, கட்டட எண், கொட்டேஷன், பேங்க் பாஸ்புக் நகல் எடுத்துப் போனால் ஒரே உட்காரலில் ரிப்போர்ட் வரை முடியும். பத்தரைக்கு முன்னால் போங்கள்.