எலெக்ட்ரிக் கார், ஐந்தாம் வருடம்: ஆமை விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிடுவது?

திருச்சியில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் பச்சை நம்பர் பிளேட் என்னுடையது. 2021இல் வாங்கினேன். சிக்னலில் நின்றால் ஆட்டோக்காரர்கள் "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்க்கா?" என்று கேட்பார்கள். 61,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. இப்போது யாராவது அதே கேள்வியைக் கேட்டால், "உங்க பக்கத்து சர்வீஸ் சென்டர்ல பேட்டரியைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ராத்திரி 15 ஆம்பியர் பிளக்கில் சொருகிவிட்டுத் தூங்கினால் காலையில் நிறைந்திருக்கும். காகிதத்தில் போட்ட தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது. பரவாயில்லை, ஏசி இல்லாமல் மே மாதத்தை ஓட்ட முடியாதே.

முதல் தொல்லை எட்டாவது மாதம். காலையில் கதவே திறக்கவில்லை. முந்தின இரவு 78 சதவீதம் காட்டிய வண்டி! பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தது. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே அந்தச் சின்னதன் தயவில்தான் வேலை செய்யுமாம். அது செத்தால், பெரியதில் எவ்வளவு இருந்தாலும் வண்டி கல்லு மாதிரி நிற்கும். விற்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் மேடம்" என்றார்கள். இரண்டே மாதத்தில் திரும்பவும் அதே கதை. மூன்றாவது முறைதான் பேட்டரியை மாற்றினார்கள்.

அதெல்லாம் சில்லறை. 2024 மே, மதுரையிலிருந்து திரும்பும்போது துவரங்குறிச்சி தாண்டி 24 சதவீதம் இருந்தது. டாஷ்போர்டில் ஆமைப் படம் எரிந்தது; சக்தி குறைந்துவிட்டது, இனி மெதுவாகத்தான் ஓடும் என்று அதற்கு அர்த்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வேகம் ஏறவில்லை. மூன்று நிமிடத்தில் 24 பூஜ்யமானது. உதவிக்கு வந்த தம்பி, "நியூட்ரல்ல போடுங்கக்கா, கயிறு கட்டி இழுத்துடலாம்" என்றார். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றிக் கரண்ட் உண்டாக்கும், தூக்கி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று செல்போன் வெளிச்சத்தில் கையேட்டைக் காட்டிச் சண்டை போட்டேன். தட்டு லாரி வர இரண்டு மணி நேரம் ஆனது.

சர்வீஸ் சென்டரில் "எரர் எதுவும் காட்டல" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி இறங்கியபோது, பக்கத்தில் இருந்த என் பெண் சதவீதம் சரிவதை வீடியோ எடுத்தாள். அதைக் காட்டிய பிறகுதான் வண்டியின் டேட்டாவைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். பெரிய பேட்டரிக்குள் இருக்கும் ஒரு மாட்யூலில், அதாவது செல்களின் தொகுப்பில், சில செல்கள் பலவீனமாம். அவற்றின் வோல்டேஜ் முதலில் விழுந்ததும் பாதுகாப்புக்காக மொத்த வண்டியும் நின்றுவிடுகிறது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. ஒரு பைசா கேட்கவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் வண்டி சரியாகி வர 47 நாள்! மாற்று வண்டி "பாலிசில இல்ல மேடம்". தவணை மட்டும் தேதி தவறாமல் போனது. பத்தொன்பதாம் நாள் ஒரு எஸ்எம்எஸ்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்? நேரில் போய்ப் பார்த்தால் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது, கூரை முழுக்கக் காக்கை எச்சம். முன்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் இதயம் வரைந்து அம்பு விட்டிருந்தார்கள்.

அங்கே உண்மை பேசியது ஒரே ஒரு பையன். ரப்பர் கையுறையோடு ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் ஒயர்களைத் தொட அனுமதி இருந்ததும் அவனுக்கு மட்டும்தான். "பார்ட் இன்னும் கிளம்பவே இல்ல மேடம்" என்று மெதுவாகச் சொன்னான். பார்ட் வந்ததும் அதை வண்டியில் பொருத்தியதும் அவனே. அதற்குப் பிறகு இன்றுவரை வண்டி வழியில் நிற்கவில்லை.

அந்தப் பையன் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போன மாதம் ஆமை விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன்.

"ஆமையா? என்ன ஆமை மேடம்?"