யாஷிகாவை சர்வீசுக்குக் கொடுத்து 9,200 ரூபாய் இழந்தேன்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

இன்று மதியம் நான்காவது முறையாக அந்தக் கடைப் படியேறி, நான்காவது முறையாக வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்பா விட்டுச்சென்ற யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் பிலிம் கேமராவை, பழைய பிலிம் கேமராக்களை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சென்னை மாடிக் கடையில் சர்வீசுக்குக் கொடுத்து, 9,200 ரூபாயையும் இனி எடுக்கவே முடியாத மூன்று ரோல் படங்களையும் இழந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை.

கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். 1970இல் வந்து 1986 வரை தயாரான மாடல் இது. எப்படிப் பார்த்தாலும் நாற்பது வயதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். ஷட்டரின் குறைந்த வேகங்களைக் கட்டுப்படுத்தும் சின்னப் பற்சக்கரங்களில் போட்ட எண்ணெய் காலப்போக்கில் பிசினாகிவிடும். என் கேமராவிலும் அதேதான்: ஒரு வினாடியில் வைத்தால் இரண்டு வினாடிக்கு மேல் இழுத்தது, மழைக்காலத்தில் பாதியில் நின்றது. வேகமான நிலைகளில் எந்தக் கோளாறும் இல்லை. கழற்றிச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்டு வைத்தால் தீர்ந்துவிடுகிற குறை.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். கடைக்காரர் கேமராவை வாங்கியதும் பின்கதவைத் திறந்து, வேகத்தை ஒரு வினாடியில் வைத்து, காதருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை அமுக்கினார். “கோப்பால் ஷட்டர் தம்பி, சாகாது. பல்லுல பிசின் ஏறியிருக்கு, அவ்வளவுதான்” என்றார். அப்பாவும் கேமராவை அப்படித்தான் காதருகே வைத்துக் கேட்பார். அந்த ஒரு நொடியில் நான் கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் மறந்துபோயின. கேட்ட 5,000 ரூபாய் முன்பணத்தை எண்ணி வைத்தேன். பத்து நாள் என்றவர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். திரும்ப வாங்கும்போது ஒரு வினாடி சரியாகவே ஓடியது. மீதி 4,200 ரூபாயையும் கொடுத்து, ஆக மொத்தம் 9,200 ரூபாய்க்கு ரசீது வாங்கினேன். அதில் ‘மீட்டர் சரிபார்ப்பு’ என்று ஒரு வரி இருந்தது. ஒளியின் அளவைக் காட்டும் இந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது, அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. வீட்டில் மூடியைத் திறந்தால் உள்ளே அதே அளவுள்ள சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி கிடந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளை அந்தக் கேமராவில்தான் எடுத்தேன். முக்காலியில் நிறுத்தி, லென்ஸ் துளையை எஃப் 3.5 என்று முழுதாகத் திறந்து, மேல் திரையில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, அம்மாவின் கண்ணிமை தெளிவாகத் தெரியும்வரை போகஸ் குமிழைத் திருப்பி எடுத்த படங்கள் அவை. நானே கழுவினேன். ரோலுக்குப் பன்னிரண்டு, மொத்தம் முப்பத்தாறு படங்களிலும் அம்மாவின் முகம் பால் படிந்ததுபோல் மங்கல்; முன்னால் தரையில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டில் பாக்கு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்.

இரட்டை லென்ஸ் கேமராவில் நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக, படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக. இரண்டும் ஒரே தூரத்துக்குக் கூர்மையாகும்படி ஒத்திருக்க வேண்டும். ஷட்டருக்காகக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டும்போது அந்த ஒப்புமையைப் பார்க்கவே இல்லை. பிலிம் படியும் இடத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை, அமுக்கிப் பிடிக்கும்வரை திறந்தே இருக்கும் பி நிலையில் திறந்து வைத்துப் பார்த்தேன். மேல் திரையில் தூரத்துச் செல்போன் கோபுரம் கம்பி கம்பியாகத் தெரிகிறது. பேப்பரிலோ எதிர்வீட்டுக் கேட்தான் கூர்மையாக விழுகிறது, கோபுரம் வெறும் புகை. பத்து நிமிடச் சோதனை. 9,200 ரூபாய் வாங்கியவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

முதலில் போனில் கேட்டபோது கடைக்காரர் “கை ஆடியிருக்கும்” என்றார். முக்காலி என்றதும் “பிலிம் காலாவதியா இருக்கும்” என்றார். நேரில் போனால், மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் அவர் ஊரிலேயே இருந்தார். மூன்றாம் முறை நெகட்டிவைக் கையில் வாங்காமலேயே, பழைய கேமரா என்றால் அப்படித்தான் என்றார். இன்று ரசீதை விரித்துக் காட்டி, “ஷட்டர் சர்வீஸ்னுதான எழுதியிருக்கு, போகஸ்னு எங்க சார் இருக்கு?” என்று கேட்டார். முன்பணம் வாங்கிய அன்று நான் தம்பி, இன்று சார். சரிசெய்ய வேண்டுமானால் இன்னொரு 3,500 ரூபாயாம்.

எப்படிப்பட்ட கடையைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன்; இப்போது அதற்கு மனமில்லை. கொடுக்கும் முன் இரண்டு லென்ஸ்களின் வரிசை எண்களையும் படமெடுத்து வையுங்கள். ரசீதில் ‘போகஸ் ஒப்புமை’ என்பதை எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஒட்டிப் பாருங்கள். ஒரு சோதனை ரோலைக் கழுவிப் பார்க்காமல் முக்கியமான நிகழ்ச்சிக்கு எடுத்துப்போகாதீர்கள். நான் எடுத்துப்போனேன்.